நாலாவது மூலை

எங்கள் தெருவில் பிள்ளைகளைவிட ரோடு வேகமாக வளரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பழைய ரோட்டைக் கொத்தி எடுக்காமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு ரோடுகள் படுத்துக்கொண்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன எங்கள் வீட்டுக்கு, நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் குனிந்துதான் வந்தார்கள். "எவ்வளவு மரியாதையான சனங்க பாத்தியா" என்று அப்பா சிரிப்பார்.

அப்பா ராயப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இருபத்திரண்டு வருஷம் தரையிலிருந்து எழுபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நின்று சைகை காட்டிக் கத்துகிறவன் குரலை நம்பி, கப்பல் வயிற்றுக்குள் சரக்கை ஏற்றி இறக்கியவர். ஒருநாள் வேலை முடிந்து இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய், ஜன்னலோரக் கட்டிலில் படுத்துவிட்டார். வீடு பள்ளத்தில் கிடந்ததால் அந்த ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் போகிறவர் வருகிறவர் கால்கள்தான். செருப்பை வைத்தே ஆளைச் சொல்லுவார். "வார்டு மெம்பர் தங்கப்பழம் போறாரு. புதுச் செருப்பு. எலக்சன் வருது போல."

அப்பாவுக்குக் கால் என்றால் எனக்குக் குரல். யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அந்தக் குரல் என் தொண்டைக்குள் வந்து படுத்துக்கொள்ளும், வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். எதிர்வீட்டு வயலட் அத்தை மாடியில் துணி காயப்போடும்போது அவள் குக்கர் மாதிரியே மூன்று விசில் கொடுத்து அடுப்படிக்கு ஓடவைப்பேன். இஸ்திரி வண்டி முத்துமாலை அண்ணன் குரலில் "கரி தீந்துபோச்சி, சட்டை நாளைக்குத்தான்" என்று சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன். சந்துக்குள் நின்று "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, இன்று தண்ணீர் வராது" என்று அறிவித்து, மெம்பரையே வெளியே வரவழைத்து, "இதை நான் எப்பம் சொன்னேன்?" என்று தலையைச் சொறியவைத்திருக்கிறேன். போனுக்குள் இருக்கிற அக்காவும் எனக்கு வருவாள்: "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது மீன் கழுவிக்கொண்டிருக்கிறார்."

போன மார்கழியில் ஒரு மழை பெய்தது. அம்மா சலேத், தன் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று உப்பளத்துக்கு அந்தப்பக்கம் போய் மாட்டிக்கொண்டாள். விடிந்தபோது ஏழு ரோட்டுத் தண்ணீரும் எங்கள் இரண்டு படியை இறங்கி வீட்டுக்குள் வந்தது. முதலில் செருப்புகள் மிதந்தன, பிறகு மணையும் அரிசிச் சுளகும் மிதந்தன, பிறகு தண்ணீர் கட்டில் கால்களை விழுங்கி, சட்டத்தை விழுங்கி, அப்பாவின் முதுகைத் தொட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாராவது வாங்களேன், அப்பாவைத் தூக்கணும்" என்று கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. "டெல்சி காலங்காத்தாலேயே ஆரம்பிச்சிட்டா" என்று வயலட் அத்தை மாடியில் சிரித்தது அந்த மழையிலும் கேட்டது. இன்னும் மூன்று தடவை கத்தினேன். அப்பாவின் காது நனைந்தபோது மெம்பர் குரலை எடுத்தேன். "அன்பார்ந்த பெரியோர்களே, ராயப்பன் முங்குதாரு, ஓடியாங்க!" எட்டு ஆண்கள் ஓடிவந்து கட்டிலோடு தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு என் குரலை நான் எடுக்கவேயில்லை. வேலைக்கு ஆகாத சாமானை யார் எடுப்பார்கள்? பரணில் எங்கேயோ போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் குரலில் பதில் சொன்னேன், வீட்டில் அம்மா குரலில் அம்மாவிடம் பேசினேன், பூசையில் சாமியார் குரலில் ஆமென் சொன்னேன்.

அம்மா திரும்பிவந்து, தண்ணீர் நின்ற தடத்தைச் சுவரில் பார்த்தாள். அது கட்டிலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அதை உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போய், "வீட்டைத் தூக்கிர வேண்டியதுதான்" என்றாள், உலைப்பானையை அடுப்பிலிருந்து தூக்குவதைப்போல.

வீடு தூக்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சுயம்பு மேஸ்திரி பங்குனிக் கடைசியில் அறுபத்தாறு ஜாக்கிகளோடும் இருபது ஆட்களோடும் வந்து இறங்கினார். சுவரின் காலடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, இரும்புச் சட்டத்தைச் செருகி, அதன் கீழே ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். பிறகு மேஸ்திரி நடு வாசலில் நின்று, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "கால் சுத்தூ..." என்று ராகம் இழுப்பார், ஆட்கள் வரிசையாக ஒவ்வொரு ஜாக்கியையும் கால் சுற்று மட்டும் திருப்புவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காது ஒன்றுதான் வேலை செய்யும். ஒருவன் ஒரு கால் சுற்று அதிகம் திருப்பிவிட்டால் சுவர் வாயைப் பிளந்துவிடும். அப்பா கட்டிலிலேயே இருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. ஒன்பது நாளில் வீடு நாலடி ஏறியது, டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

தூக்கி முடித்ததும் மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டிடம் போதும் என்று சொல்ல வேண்டும். யாராவது சொன்னால்தானே அதற்குத் தெரியும்? நாலு மூலைக்கும் போய், சுவரில் கையை வைத்து, "போதும் தாயி, நில்லு" என்பார். வாசல் மூலையில் சொன்னார். அப்பாவின் ஜன்னல் மூலையில் சொன்னார். கொல்லை மூலையில் சொன்னார். நாலாவது, அடுப்படி மூலை. அங்கே வருவதற்குள் டீ வந்துவிட்டது.

நான் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒன்பது நாளாக அந்தக் குரல் என் தொண்டையில் ஊறிக்கொண்டிருந்தது, வெற்றிலை ஈரத்தோடும் கடைசியில் வருகிற சின்ன இருமலோடும். எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்?

"போதும் தாயி, நில்லு."

ஆட்கள் கம்பியைக் கீழே போட்டுவிட்டு டீக்கு நடந்தார்கள். கிளாஸை வாங்க நீட்டிய கையை மேஸ்திரி ஒரு நொடி நிறுத்தித் தன் குரலைத் தானே கேட்டார். கேட்டதும், சொல்லியாகிவிட்டது என்று நம்பிவிட்டார். சொந்தக் குரலைச் சந்தேகப்படுகிற பழக்கம் அவருக்கு இல்லை. டீ குடித்தார். நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும்வரை வாயைப் பொத்திச் சிரித்தேன்.

மறுநாள் கொத்தனார்கள் வீட்டின் அடிவரைக்கும் செங்கல் கட்டினார்கள். அதற்கு மறுநாள் காலையில் பார்த்தால், கட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. "சிமிண்டு இறங்கிருச்சி" என்று சொல்லி இன்னொரு வரி செங்கல் வைத்தார்கள். மறுநாளும் நாலு விரல் இடைவெளி இருந்தது. இன்னொரு வரி வைத்தார்கள். அடுப்படி மூலைதான் முதலில் எழும்பும், மற்ற மூன்று மூலைகளும் அதைத் தனியாக விட மனமில்லாததுபோல மத்தியானத்துக்குள் கூடவே எழும்பிவிடும். பதினோரு வரி வைத்துப் பார்த்துவிட்டுக் கொத்தனார்கள் கரண்டியைக் கழுவினார்கள். ஜாக்கிகள் பால்பற்கள் மாதிரி ஒவ்வொன்றாகத் தாமாகவே கழன்று விழுந்தன. அதன்பிறகு வீடு எதன் மேலும் நிற்கவில்லை. எங்கள் தெரு அதை ஒரு காலை முழுக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்து வலித்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

சித்திரை போய் வைகாசி வந்தது, வைகாசி போய் ஆனி வந்தது, வீடு நாளுக்கு நாலு விரல் ஏறிக்கொண்டேயிருந்தது. முத்துமாலை அண்ணன் வேப்பமரத்தடியை விட்டுவிட்டு இஸ்திரி வண்டியை எங்கள் வீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டு வந்தார். "மர நிழல்ல காக்கா எச்சம் போடும். வீட்டு நிழலு சுத்தம்" என்றார். பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். வீட்டின் அடியில் பந்து பட்டால் இரண்டு ரன் என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள். பிளம்பர் வாரம் இரண்டு நாள் வந்து பைப்பை ஒரு முழம் நீட்டிவிட்டுப் போனார். வரி போடுகிறவர் ஒருவர் வந்து, தரைத்தளமா முதல் தளமா என்று தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, "ஆகாயத்தில்" என்று எழுதி, அதை அடித்து, மறுபடியும் எழுதிக்கொண்டு போனார். மாதா சப்பரம் எங்கள் வீட்டுக்கு அடியில் நின்று இளைப்பாறிப் போனது. அம்மன் கோயில் முளைப்பாரிப் பெண்கள் அங்கேயே ஒரு சுற்றுக் கும்மி கொட்டிவிட்டுப் போனார்கள். மெம்பர் தங்கப்பழம் ஒரு நாற்காலியில் ஏறி, "இந்த நிழல் பொதுமக்களின் நிழல்" என்று பேசினார். அதற்கு மேலே ஜன்னலிலிருந்து அதே குரலில், "ஆனால் கரண்டு பில்லு உங்கள் பில்லு" என்று பதில் வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், அவரும் சேர்ந்து தட்டினார்.

பதினோரு நாள் எங்கள் அடுப்படி ஜன்னலும் வயலட் அத்தையின் மாடி ஜன்னலும் நேருக்கு நேராக இருந்தன. அந்தப் பதினோரு நாளும் கை எட்டுகிற தூரத்தில் நின்று அத்தை குழம்பு கொடுத்தாள், நாங்கள் கருவாடு கொடுத்தோம். ஒவ்வொரு நாளும் எதையோ சொல்ல வந்து, குழம்பில் உப்பு சரியா என்று கேட்டுவிட்டுப் போனாள். பதினோராம் நாள் அவள் கண் மட்டத்துக்கு எங்கள் ஜன்னல் விளிம்பு வந்துவிட்டது. "டெல்சி, அன்னைக்கி மழையில நீ கூப்பிட்டப்பம், நான்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மத்தியானமாகி, மற்ற மூன்று மூலைகளும் எழும்ப, அவள் கொண்டை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஏறவும் இறங்கவும் அப்பா ஒரு வழி சொன்னார். வாசல் உத்தரத்தில் கப்பி, கப்பியில் துறைமுகக் கயிறு, கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முப்பதடிக் கயிறு. அப்பாவை மட்டும் அதில் இறக்க முடியாது. அவர் முதுகு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் டாக்டரே மாதம் ஒருமுறை நாற்காலியில் ஏறி, சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி மேலே வந்தார்.

அப்பா மட்டும் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தார். ஜன்னலில் முதலில் கால்கள் போய் முகங்கள் வந்தன, முகங்கள் போய்க் கூரைகள் வந்தன, பிறகு உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக வந்தன, ஆனி பத்தாம் தேதி காலையில் கடல் வந்தது. "ஏட்டி, தலையணையைத் தூக்கி வை" என்றார். தூக்கி வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பலும் என்ன சரக்கோடு வருகிறது, கிரேன் ஓட்டுகிற புதுப் பயல் எங்கே தப்புப் பண்ணுகிறான் என்று காலை முதல் சாயங்காலம்வரை பேசினார். பூநாரைகள் ஜன்னலை ஒட்டிப் பறக்கும்போது கையை நீட்டி அவற்றின் நிழலைத் தடவிக்கொடுத்தார்.

சுயம்பு மேஸ்திரி நாலு தடவை வந்தார். நாற்காலியில் ஏறி வந்து, நாலு மூலையிலும் கையை வைத்து, தன் சொந்தக் குரலில், "போதும் தாயி, நில்லு, என் மானத்தை வாங்காதே" என்று கெஞ்சினார். வீடு கேட்கவில்லை. அந்தக் குரல் ஒருமுறை அதனிடம் பொய் சொல்லியிருந்தது அல்லவா. அதற்கு மேல் அவரும் ஏறவில்லை. மற்ற தெருக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தினமும் சாயங்காலம் முத்துமாலை அண்ணன் வண்டி ஓரமாக உட்கார்ந்து, டீயை ஆறவைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்ப்பார். "நாப்பது வீடு தூக்கிருக்கேன். எங்கன தப்பு விட்டேன்னே தெரியலை தம்பி." மேலே எனக்கு எல்லாம் கேட்கும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். திரும்பிப் பார்த்தால் அப்பா கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூடிக்கொள்வேன்.

ஆவணியில் கயிறு முடிந்தது. நாற்காலியைத் தரையில் வைத்துப் பார்த்தால் மேலே முடிச்சுப் போட மட்டும்தான் மிச்சம். அம்மா காலையில் இறங்கி, "ரெண்டு மணிக்கு முன்னால வந்துருவேன், அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வச்சிருக்கேன், கஞ்சி குடுத்துட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு, துறைமுகத்துக் கடையில் நூறடிக் கயிறு வாங்கப் போனாள். அன்றைக்கு மட்டும் வீடு நாலு விரலோடு நிறுத்தாமல் ஏறிவிட்டது. அவள் திரும்பிவந்தபோது புதுக் கயிறு வளையமாக அவள் தோளில் கிடந்தது, பழைய கயிற்றின் நாற்காலி அவள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. முத்துமாலை அண்ணன் வண்டி மேல் ஏறி எம்பினாள். விரல் நுனிக்கும் நாற்காலிக் காலுக்கும் நடுவே நாலு விரல். அண்ணன் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி மேலே எறிந்து பார்த்தார். எறிந்த கல்லெல்லாம் அவர் வண்டியிலேயே வந்து விழுந்தது.

"ஏட்டி, நாற்காலியை மேல இழுத்து, நுனியில ஒரு சேலையைக் கட்டி விடு!" என்று அம்மா கத்தினாள்.

கட்டி விட்டேன், அவளுடைய பச்சைச் சேலை. முந்தானை அவள் கைக்கு வருகிற நேரத்தில் வீடு மெதுவாக, சத்தமில்லாமல், சரியாக ஒரு சேலை உயரம் ஏறியது. நீலச் சேலையைக் கட்டினேன். ஒரு நீலச் சேலை உயரம் ஏறியது. பொடிக்கட்டம், பூப்போட்டது, சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளை, அப்பாவின் நாலு லுங்கி, ஜன்னல் திரை, கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து கல்யாணச் சேலை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நீளம் ஏறியது வீடு. கட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தால் வண்ண வண்ணமாக ஒரு நீண்ட வால் காற்றில் ஆட, அதன் நுனிக்குக் கீழே அம்மா ஒரு புளியங்கொட்டை அளவுக்கு நின்றாள். அடுப்படி ஜன்னலால் ஒரு மேகம் நுழைந்து, தட்டுகளை ஈரமாக்கிவிட்டு, வாசல் வழியாக வெளியேறியது. அதையும் தாண்டி அம்மாவின் குரல் மெல்லிசாக வந்தது. "டெல்சி... ரெண்டு மணி ஆச்சிட்டி... அப்பாவுக்கு மாத்திரை..."

நான் அடுப்படி மூலைக்கு ஓடினேன். மேஸ்திரி குரலில் சொன்னேன். மெம்பர் குரலில், சாமியார் குரலில், வயலட் அத்தை குரலில், கணக்கு டீச்சர் குரலில், அம்மா குரலில், அப்பா குரலில்கூடச் சொன்னேன். என் தொண்டையில் படுத்திருந்த அத்தனை பேரையும் எழுப்பி வரிசையில் நிறுத்திச் சொல்லவைத்தேன். கடைசியில் போனுக்குள் இருக்கிற அக்காதான் மிச்சம். அவள் வாயைத் திறந்து, "நீங்கள் அழைக்கும் வீடு தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்றாள். நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

"டெல்சி, இங்க வா" என்றார் அப்பா.

போனேன்.

"அன்னைக்கி டீ நேரத்துல அடுப்படியில சொன்னது நீதானட்டி?"

"தெரியுமாப்பா?"

"கீழ நின்னு கத்துறவன் குரலை வச்சே இருபத்திரண்டு வருசம் சோறு தின்னவன் நான். எது அவன் குரல், எது அவன் குரல் மாதிரின்னு தெரியாதா எனக்கு?"

"பொறவு ஏம்ப்பா சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே இப்போது கடல்கூட இல்லை, வெறும் வெள்ளை. "கப்பலு தெரிஞ்சிச்சி" என்றார். குற்றம் செய்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு என் பக்கம் திரும்பினார். "போதும்ட்டி. பாத்தாச்சி. உங்கம்மா கீழ தனியா நிக்கா. நீ போய்ச் சொல்லு."

"எல்லாக் குரல்லயும் சொல்லிட்டேம்ப்பா."

"மழையன்னைக்கி ஜன்னலைப் பிடிச்சிக்கிட்டுக் கூப்பிட்டியே, அந்தக் குரல்ல?"

"அதைக் கேட்டு ஒருத்தரும் வரலியே."

"நான் கேட்டேன்ட்டி" என்றார் அப்பா. "வர முடியலை. படுத்துக்கிட்டே கேட்டேன்."

நான் அடுப்படி மூலைக்குத் திரும்பிப் போனேன். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். தாளிப்பு எண்ணெய் தெறித்த பிசுக்கும், அதற்குக் கீழே ஏதோ ஒன்று மூச்சுவிடுகிற சூடும் கையில் தட்டுப்பட்டது. பரணில் கிடந்ததை எடுப்பது லேசாக இல்லை. முதலில் இருமல் வந்தது, பிறகு தூசி மாதிரி ஒரு கரகரப்பு வந்தது, பிறகு எனக்கே யாரென்று தெரியாத ஒரு மெல்லிசான, கொஞ்சம் மூக்கால் பேசுகிற, நடுங்குகிற குரல் வந்தது.

"போதும், நில்லு. அன்னைக்கிச் சொன்னது மேஸ்திரி மாமா இல்லை, நான்தான். விளையாட்டுக்குச் சொன்னேன். எங்க அம்மா கீழ நிக்கா."

வீடு நின்றது. ஐந்து மாதமாக எங்கள் காதுக்குள் இருந்துகொண்டே இருந்த ஏதோ ஒரு சன்னச் சத்தம் நின்றபோதுதான், அப்படியொரு சத்தம் இருந்ததே தெரிந்தது. ஸ்டூலில் இருந்த டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியது. பிறகு வீடு இறங்கத் தொடங்கியது. கல்யாணச் சேலை இறங்கியது, ஜன்னல் திரை இறங்கியது, நாலு லுங்கி இறங்கியது, வெள்ளை, பூப்போட்டது, பொடிக்கட்டம், நீலம், பச்சை என்று ஒவ்வொன்றாக அம்மாவின் தலை மேலும் தோள் மேலும் குவிந்து குவிந்து, அவளைக் காணவேயில்லை. நாற்காலி தரையைத் தொட்டதும் வீடு அங்கேயே, பழைய முப்பதடியில், உட்கார்ந்துகொண்டது.

"கல்யாணச் சேலையை எவட்டி ரோட்டுல போட்டது?" என்று துணிக்குவியலுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள். அப்புறம்தான் அவள் அழுத சத்தம் வந்தது.

"பொறுத்துக்கம்மா, இந்தா வாரேன்!" என்று நான் மேலிருந்து கத்தினேன்.

தன் மாடியில் நின்றிருந்த வயலட் அத்தை அண்ணாந்து பார்த்தாள். "சலேத்து, மேல யாரு? புதுக் குரலா இருக்கு. விருந்தாளி வந்துருக்காவளா?"

சுயம்பு மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன். டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "என் இருமலையுமா போட்டே?" என்றார். போட்டுக் காட்டினேன். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மறுநாளே ஆட்களோடு வந்து தூண்களை எழுப்பினார். இந்தத் தடவை இடைவெளி விழவில்லை. நாலாவது மூலையில் என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்து, "நீயே சொல்லு. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

இனி அப்பாவின் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருந்தால்தான் நாற்காலி தலைகுப்புற ஓடாது என்றார் மேஸ்திரி. முப்பதடிக்கு முந்நூற்று அறுபதடி. எங்கள் வாசலில் ஆரம்பித்து, எதிர்வீட்டு மாடியைத் தொட்டு வளைந்து, தெருவின் இருபக்கமும் மாறி மாறிப் போய், தண்ணீர்த் தொட்டி அருகே தரையிறங்கியது அது. அதற்குக் கல் எங்கே வாங்குவது என்று யாரும் கேட்கவில்லை. கட்டட வேலை நடந்த எல்லார் வீட்டுக் கொல்லையிலும் ஏதாவது மிச்சம் கிடக்கும், பாதியில் நின்ற வேலை ஏதாவது இருக்கும். வயலட் அத்தை குளியலறைக்கு வாங்கி நிறம் பிடிக்காமல் விட்ட ரோஸ் டைல்ஸ் வந்தது, மெம்பர் வீட்டுக் கருப்புப் பளிங்கு வந்தது, முத்துமாலை அண்ணன் மாடி கட்டலாமென்று எட்டு வருஷமாகப் பாசி பிடிக்கவைத்த செங்கல் வந்தது, யாரோ ஒருவர் வீட்டு மீன் படம் போட்ட டைல்ஸ் பதினாலு வந்தது. ஐப்பசி முழுக்கக் கட்டினார்கள். இரண்டு தடவை மழையில் கரைந்தது, ஒரு வளைவு கோணலாகி மறுபடி இடித்துக் கட்டினார்கள்.

கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். அம்மா கீழே தொட்டியருகே குடையோடு நின்றாள். பாதித் தூரம் அப்பா பாடிக்கொண்டு வந்தார். வயலட் அத்தையின் மாடி வளைவுக்கு வந்தபோது தூறல் பிடித்தது, ரோஸ் டைல்ஸ் வழுக்கியது, ஒரு சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி நாற்காலி சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் பிடி கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. மெம்பர் குரல் தொண்டைவரை எழுந்து வந்து நின்றது. அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அதை விழுங்கிவிட்டு, கரகரத்த, மூக்கால் பேசுகிற அந்தக் குரலையே எடுத்தேன்.

"யாராவது வாங்களேன், அப்பாவைத் தூக்கணும்!"

கதவுகள் திறந்தன. கீழே திறந்தன, மேலே திறந்தன, இரண்டு பக்கமும் திறந்தன. எட்டுப் பேர் போதும், முப்பத்தொரு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், ஜன்னல் வழியாகவே சாய்தளத்தில் குதித்து, கையில் கரண்டியோடு வந்து சக்கரத்தைப் பிடித்தவள் வயலட் அத்தை. அவள் அடுப்படியில் குக்கர் நிஜமாகவே ஏழாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.